பழைய எஸ்வி650: பிரேக் லீவர் கைப்பிடி வரை வருகிறது, ஃபோர்க் அடியில் இடிக்கிறது. முன்பக்கத்தை மொத்தமாக மாற்றிவிடலாமா?

சாட்ஸ்வர்த் எஸ்வி
எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 2001 சுஸுகி எஸ்வி650எஸ் பைக். போன ஞாயிறு டர்பன் பக்கம் இருக்கும் போத்தாஸ் ஹில் வரை போய்விட்டுத் திரும்பினேன். ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் பாதி வந்தபோது முன் பிரேக் லீவர் சொதசொதவென்று ஆகி, ஏறக்குறைய கைப்பிடியைத் தொட்டுவிட்டது. அந்த நேரம் பார்த்து முன்னால் போன பக்கி (பிக்கப் வண்டி) சட்டென்று நின்றது. எப்படியோ நிறுத்திவிட்டேன். ஆனால் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் குழாய்கள், அதாவது ஃபோர்க், முழுக்க அமுங்கி, அடியில் 'டொக்' என்று ஓர் இடி.

பேட் புதிது. பிரேக் ஆயிலில் சேர்ந்த ஏரையும் இரண்டு முறை எடுத்துவிட்டேன். பைன்டவுனில் ஒருவரிடம் பின்பக்கம் அடிபட்ட 2004 ஜிஎஸ்எக்ஸ்-ஆர்600 இருக்கிறது. தலைகீழ் ஃபோர்க், ரேடியல் காலிப்பர் (பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் கவ்வி) எல்லாம் சேர்த்துத் தருகிறேன் என்கிறார். வாங்கி மாட்டினால் இரண்டு பிரச்சினையும் ஒரே அடியில் தீருமா?

லெனேசியா ரைடர்
நான் மாற்றினேன். ஓட்டினால் வேறு வண்டி மாதிரிதான், பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஃபோர்க்கோடு கணக்கு முடியாது. சக்கரம், ஆக்ஸில், டிஸ்க், மேல் கீழ் கிளாம்ப், மட்கார்டு எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வரவேண்டும். ஸ்டியரிங் தண்டும் பேரிங்கும் உங்கள் ஃப்ரேமில் பொருந்துகிறதா என்று முதலில் அளந்து பாருங்கள். அடுத்து, ஹேண்டிலை முழுக்கத் திருப்பினால் ஃபோர்க் டேங்க்கிலோ ஃபேரிங்கிலோ இடிக்கக்கூடாது. எனக்கு இடித்தது, ஸ்டாப்பரில் வெல்ட் வைக்கவேண்டி வந்தது. புது ஃபோர்க் குட்டையாக இருந்தால் மூக்கு தாழ்ந்து, அதிவேகத்தில் ஹேண்டில் ஆட ஆரம்பிக்கும். இன்சூரன்ஸ்காரரிடமும் சொல்லிவிடுங்கள்.

பழைய ஸ்பானர்
தம்பி, பைன்டவுனுக்குப் போவதற்கு முன்னால் நாலு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

மறுநாள் காலை லீவர் எப்படி இருந்தது? ஏர் எடுக்க ஊற்றிய பிரேக் ஆயில் எப்போது திறந்த பாட்டில்? கழற்றிய பழைய பேட் நான்கும் ஒரே அளவு தேய்ந்திருந்ததா? உங்கள் எடை என்ன?

சாட்ஸ்வர்த் எஸ்வி
மறுநாள் காலை லீவர் பழையபடி கெட்டியாக இருந்தது அண்ணா, அதுதான் புரியவில்லை. ஆயில் டாட் 4, போன வருஷம் திறந்து கராஜ் ஷெல்ஃபில் வைத்திருந்தது. பழைய பேட்டைக் குப்பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இடது பக்கம் இரண்டும் சமம். வலது பக்கம் ஒன்றில் 4 மில்லிமீட்டர் மிச்சம், இன்னொன்றில் ஒன்றரைகூட இல்லை, அதுவும் ஒரு ஓரமாகச் சரிந்து. என் எடை 94 கிலோ, ஜாக்கெட், பூட்ஸ் தனி.

பழைய ஸ்பானர்
சரி, பாதி வேலை முடிந்தது. உங்களுக்கு இரண்டு வெவ்வேறு வியாதி.

முதலில் பிரேக். இந்த வண்டியின் காலிப்பர், ஸ்லைடு பின் என்ற கம்பி மீது இப்படியும் அப்படியும் நகர்ந்து இரண்டு பேட்டையும் சமமாக அழுத்தவேண்டும். வலது பக்க ஸ்லைடு பின் இறுகிப்போயிருக்கிறது. அதனால் ஒரு பேட் மட்டும் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே வருகிறது. நீண்ட இறக்கத்தில் அந்தச் சூடு ஆயிலுக்குப் போகிறது. பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் தாங்கவேண்டும் என்பது தரக்கட்டுப்பாடு. ஈரம் ஏறிய பிறகு 155 தாங்கினால் போதும் என்கிறது அதே விதி. டர்பன் காற்றில் ஒரு வருஷம் திறந்து கிடந்த பாட்டில் எந்தப் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள். ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் வந்தது, லீவர் தொய்ந்தது. ஆறியதும் மறுபடி கெட்டி. அவ்வளவுதான்.

ஸ்லைடு பின்னைக் கழற்றித் துடைத்து பிரேக் கிரீஸ் தடவுங்கள். பிஸ்டன் சீல் உட்காரும் பள்ளத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். பல்துலக்கும் பழைய பிரஷ்ஷால் சுரண்டிவிட்டுப் புது சீல் போடுங்கள். ரப்பர் ஹோஸ் வண்டியோடு வந்தது என்றால் அதன் வயதும் வண்டியின் வயதுதான். ஒருவரை லீவரை இறுக்கச் சொல்லி, ஹோஸைக் கையால் பிடித்துப் பாருங்கள், உப்புவது தெரியும். ஸ்டீல் பின்னல் ஹோஸ் மாற்றுங்கள். ஆயில் புதிதாகத் திறந்த பாட்டிலாக இருக்கட்டும்.

ஃபீனிக்ஸ் 750
லீவர் பக்கத்தில் ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரைப் பெரிதாக மாட்டினால் லீவர் சட்டென்று கெட்டியாகிவிடுமே?

பழைய ஸ்பானர்
கெட்டியாகும், ஆனால் பிரேக் பிடிக்காது. 14 மில்லிமீட்டர் பிஸ்டனை 16 ஆக்கினால் பரப்பு 30 சதவீதம் கூடும். அதே காலிப்பரில் அதே அழுத்தம் வர விரல் 30 சதவீதம் அதிகம் உழைக்கவேண்டும். மரக்கட்டையை இறுக்குவது போல இருக்கும்.

இனி ஃபோர்க். இது 41 மில்லிமீட்டர் குழாய், உள்ளே ஓட்டை போட்ட ஒரு தண்டு வழியாக ஆயில் ஓடும் சாதா டாம்பர் ராட் ஃபோர்க், அமுங்கும் தூரம் 130 மில்லிமீட்டர். கம்பெனி ஸ்பிரிங் உங்கள் எடைக்கு மெத்தை. ஃபோர்க் குழாயில் ஒரு கேபிள் டை கட்டி ஓட்டிப் பாருங்கள். எவ்வளவு முங்கியது என்று அதுவே காட்டும். நீங்கள் ஏறி உட்கார்ந்தால் 35 மில்லிமீட்டர் அளவில் இறங்கினால் போதும். 0.95 ரேட் (ஒரு மில்லிமீட்டர் அமுங்க 0.95 கிலோ) ஸ்பிரிங், புது ஆயில், புது சீல் போடுங்கள். ஆயில் மட்டத்தை ஸ்பிரிங் இல்லாமல், ஃபோர்க்கை முழுக்க அமுக்கி வைத்து, மேலிருந்து அளக்கவேண்டும். இதில்தான் பலர் தவறுகிறார்கள். ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் எமுலேட்டர் வால்வு பிறகு வேண்டுமானால் யோசிக்கலாம். அதற்கு டாம்பர் ராடில் ஓட்டை போடவேண்டும்.

சாட்ஸ்வர்த் எஸ்வி
மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். கோவிலில் மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றும் சீசன், ஞாயிறு எல்லாம் அங்கேயே போனது.

வலது பக்க ஸ்லைடு பின் கையால் அசையவே இல்லை. சுத்தியலால் தட்டித்தான் வந்தது, பாதித் தூரம் துரு. பழைய ஆயில் காப்பி நிறம். ஹோஸ், சீல், ஸ்பிரிங் எல்லாம் மாற்றியாயிற்று. நேற்று அதே இறக்கம், லீவர் இரண்டு விரலுக்கே நிற்கிறது. கேபிள் டை அடியிலிருந்து 25 மில்லிமீட்டர் மேலேயே நின்றுவிட்டது. ஜிஎஸ்எக்ஸ்-ஆரை வேறு யாரோ வாங்கிவிட்டார்களாம், கொஞ்சம் வருத்தம்தான்.

ஒன்று மட்டும் பாக்கி. ரோபோவில் (டிராஃபிக் சிக்னலில்) மெதுவாக நிற்கும்போது லீவர் லேசாகத் துடிக்கிறது. டிஸ்க் வளைந்திருக்குமா?

பழைய ஸ்பானர்
டயல் கேஜ் வைத்துப் பாருங்கள், 0.3 மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் டிஸ்க் போய்விட்டது. தடிமனையும் அளங்கள், குறைந்தபட்சம் எவ்வளவு என்று டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அதற்கு முன்னால் டிஸ்க்கை அதன் நடுப்பகுதியோடு இணைக்கும் பாபின்களில் போல்ட், வாஷர் மாட்டி ஒவ்வொன்றாகச் சுற்றுங்கள், இறுகியிருந்தால் சுற்றாது. வலது டிஸ்க் அத்தனை நாள் வெந்திருக்கிறது, அங்கே ஆரம்பியுங்கள்.

சாட்ஸ்வர்த் எஸ்வி
இப்போதுதான் பார்த்தேன். இடதில் எல்லாம் சுற்றுகின்றன. வலதில் இரண்டு அசையமாட்டேன் என்கின்றன.