அடர்த்தி உயரமா, அடர்த்திநிகர் உயரமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

காற்றின் அடர்த்தியை உயரக் கணக்கில் சொல்லும் விமானத்துறைச் சொல்லான 'டென்சிட்டி ஆல்டிட்யூட்' என்பதற்குத் தமிழில் 'அடர்த்தி உயரம்' போதும், வீண் மெனக்கெடல் எதற்கு என்று நேற்று நம் குழுவில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். ஒரே ஒரு வாக்கியத்தை மொழிபெயர்க்க உட்கார்ந்து இரண்டு மாலைப்பொழுதுகளைத் தொலைத்தவன் என்ற உரிமையில் மறுக்கிறேன்.

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் உள்ள செயென் நகரில் 1996 ஏப்ரல் 11 அன்று நடந்த விபத்தின் விசாரணை அறிக்கையில் வருகிறது அந்த வாக்கியம். நாட்டைக் குறுக்காகப் பறந்து கடந்த மிக இளைய விமானி என்ற பெயருக்காக ஜெசிகா டுப்ராஃப் என்ற ஏழு வயதுச் சிறுமி கிளம்பிய பயணம் அது. உடன் தந்தையும் பயிற்றுநரும். பொறுப்பு விமானி பயிற்றுநர்தான். முந்தைய நாள் கலிஃபோர்னியாவின் கடலோர ஊரான ஹாஃப் மூன் பேயிலிருந்து புறப்பட்டார்கள். செயென் ஓடுபாதையோ கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 6,160 அடி. இடிமழை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சிறிய செஸ்னா 177பி, எடை வரம்பைவிட 40 கிலோவுக்கு மேல் கூடுதலாகச் சுமந்திருந்தது. எழும்பிய சில நிமிடங்களிலேயே குடியிருப்புப் பகுதியில் விழுந்தது. மூவரும் இறந்தனர்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். காற்று மெலிந்தால் இறக்கைக்குத் தூக்குவிசை குறைகிறது. சுழலிக்கு (புரொப்பெல்லருக்கு) இழுப்பு குறைகிறது. இன்ஜினுக்கு மூச்சே குறைகிறது. இங்குள்ள காற்றின் அடர்த்தி, செந்தரக் காற்றுமண்டலத்தில் (கணக்குக்காக வரையறுத்து வைத்த மாதிரிக் காற்றுமண்டலத்தில்) எந்த உயரத்துக் காற்றுக்கு நிகர் என்று கேட்டால் கிடைக்கும் விடைதான் நாம் பெயர் தேடும் எண். 'அடர்த்தி உயரம் கூடியது' என்று எழுதினால் பத்தில் ஒன்பது பேர் காற்று அடர்ந்துவிட்டது என்றே புரிந்துகொள்வார்கள். நடந்தது நேர் எதிர்.

ஒரு கணக்கு. 6,160 அடியில் செந்தர வெப்பநிலை ஏறத்தாழ 3 பாகை செல்சியஸ். அதற்கு மேல் கூடும் ஒவ்வொரு பாகைக்கும் ஓடுபாதையின் உயரத்தோடு சுமார் 120 அடி சேர்க்க வேண்டும். செயெனில் 30 பாகை வெயிலடிக்கும் பகலில், ஓடுபாதையில் நிற்கும் விமானத்துக்கு அந்த எண் ஏறத்தாழ 9,400 அடி. விபத்து நடந்த காலை குளிர்ச்சியானது என்பதால் இவ்வளவு ஏற்றம் இல்லை. ஆனாலும் அறிக்கை இந்தச் சொல்லைக் காரணங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது, 'விமானி பழகியிருந்ததைவிட' என்ற அடைமொழியுடன்.

இதற்கு 'உணருயரம்' என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். அழகான சொல், நானும் ஒரு மணி நேரம் அதில் மயங்கிக் கிடந்தேன். ஆனால் யார் உணர்கிறார்கள்? உயரமானி ஓடுபாதையின் உயரத்தைத்தான் காட்டும், இந்த எண்ணைக் காட்டாது. கணக்கிட்டுத்தான் அறிய வேண்டும். மெலிந்த காற்றில் வேகமானி அதே எண்ணைக் காட்டும்போது தரை இன்னும் விரைவாகப் பின்னோடும், போதிய வேகம் வந்துவிட்டதாகக் கண் ஏமாறும். உணர முடியாததற்கு உணருயரம் என்று பெயர் வைப்பது கொஞ்சம் கொடுமை.

ஆகவே என் பரிந்துரை 'அடர்த்திநிகர் உயரம்'. இதே அச்சில், காற்றழுத்தத்தை உயரக் கணக்கில் சொல்லும் 'பிரஷர் ஆல்டிட்யூட்' என்பதற்கு 'அழுத்தநிகர் உயரம்' தானாகவே கிடைத்துவிடுகிறது. நாளிதழ்த் தலைப்புக்கு நீளம் என்பீர்கள். நாளிதழ்த் தலைப்பில் இந்தச் சொல்லைப் பார்க்கும் நாள் வரட்டும், அப்போது 'நிகருயரம்' என்று சுருக்கிக்கொள்வோம். 'நிகர லாபம்' என்பதோடு குழம்பாதா என்று கணக்காளர் ஒருவராவது கேட்பார். அங்கே இருப்பது 'நிகர', கழித்தது போக மிஞ்சியது. இங்கே இருப்பது 'நிகரற்ற' என்பதில் வரும் நிகர்.

அதே வாக்கியத்தில் வரும் 'ஸ்டால்' என்பதை 'இன்ஜின் நின்றுவிட்டது' என்று எழுதுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துவோம். இறக்கையின் மேல் காற்றோட்டம் பிய்ந்து தூக்குவிசை சரிவதுதான் அது. இன்ஜின் முழு வேகத்தில் உறுமிக்கொண்டிருக்கும்போதும் நேரும். தற்காலிகமாகத் 'தூக்குவிசை முறிவு' என்று போட்டிருக்கிறேன், எனக்கே முழுத் திருப்தி இல்லை.

வாக்கியத்தின் வரைவு, நேர்ச்சொல்லாக அன்றிப் பொருள் வடிவில்: "வானிலை மோசமாகிக்கொண்டிருந்தபோது, எடை மிகுந்த விமானத்தை, தான் பழகியிருந்ததைவிட அடர்த்திநிகர் உயரம் கூடுதலாக இருந்த இடத்திலிருந்து மேலெழுப்ப விமானி எடுத்த தவறான முடிவு, வேகத்தைக் காக்கத் தவறியதால் நேர்ந்த தூக்குவிசை முறிவு."

'மேலெழுப்ப' உறுத்துகிறதா? 'கிளப்ப' என்றால் பஸ் ஞாபகம் வருகிறது எனக்கு.