2010 தோஹா: மெஸ்ஸி நடந்துகொண்டே இருந்த ஆட்டம்

அனைவருக்கும் வணக்கம்.

"நட்புமுறை ஆட்டம்தானே, அதற்கெல்லாம் யாராவது காசு கொடுத்து டிக்கெட் வாங்குவார்களா?" என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். அவருக்குத்தான் இதை எழுதுகிறேன். தோஹாவில் இருந்த காலத்தில் நான் நேரில் பார்த்தது ஒரே ஒரு ஃப்ரெண்ட்லி. 2010 நவம்பர் 17, கலீஃபா ஸ்டேடியம், அர்ஜென்டினாவும் பிரேசிலும். அதைப் போல மனதில் ஒட்டிக்கொண்ட ஆட்டம் எனக்கு வேறு எதுவும் கிடையாது.

ஹஜ் பெருநாளுக்கு மறுநாள் அது. லீவு என்பதால் எங்கள் ரூமிலிருந்து நானும், மூத்தவரான ஓர் அண்ணனும் கிளம்பினோம். நான் அர்ஜென்டினா, அவர் பிரேசில். 1986 உலகக்கோப்பையில் பிரான்ஸுக்கு எதிராக ஜீக்கோ பெனால்டியைத் தவறவிட்டதை இன்னமும் சொந்த வீட்டுத் துக்கம் போலச் சொல்வார். இரண்டு பேரும் ஒரே வண்டியில்தான் போனோம். ஆனால் ஜெர்சியைப் போட்டுக்கொண்ட பிறகு வழி முழுக்க அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

அந்த வருஷம் ஜூலையில் இரண்டு அணிகளுமே உலகக்கோப்பைக் காலிறுதியில் அடிபட்டுத் திரும்பியிருந்தன. பிரேசில் நெதர்லாந்திடம் 2-1, அர்ஜென்டினா ஜெர்மனியிடம் 4-0. பயிற்சியாளர்களும் மாறியிருந்தார்கள்: பிரேசிலுக்கு துங்கா போய் மனோ மெனெசஸ் வந்திருந்தார், அர்ஜென்டினாவுக்கு மரடோனா போய் செர்ஹியோ பத்திஸ்தா வந்திருந்தார். எனக்கு அதைவிடப் பழைய கணக்கு ஒன்று இருந்தது. 2005 ஜூனுக்குப் பிறகு நாங்கள் பிரேசிலை ஜெயித்ததே இல்லை. தென் அமெரிக்க நாடுகளுக்கான கோபா அமெரிக்காவின் 2007 இறுதியில் 3-0 என்று தோற்றோம். 2009இல் மெஸ்ஸி பிறந்த ரொசாரியோவிலேயே வந்து 3-1 என்று அடித்துவிட்டுப் போனார்கள். இப்படி இருக்கும்போது 'நட்பு' என்ற சொல்லுக்கு அங்கே என்ன வேலை?

கலீஃபாவில் மைதானத்தைச் சுற்றி ஓட்டப்பாதை உண்டு. அதனால் கேலரி கொஞ்சம் தள்ளியே இருக்கும். மேலே இரண்டு பெரிய வளைவுகள், பக்கத்தில் 2006 ஆசிய விளையாட்டுக்குத் தீபமாக நின்ற அந்த உயரமான ஆஸ்பயர் கோபுரம். எங்களைச் சுற்றி மலையாளிகள், வங்காளிகள், எகிப்துக்காரர்கள், குழந்தைகளைத் தோளில் ஏற்றிய கத்தாரிகள். முன்வரிசையில் ஒரு மலையாளிப் பையன் பெட்ஷீட்டில் வரைந்த நீலவெள்ளைக் கொடியைக் கையில் பிடித்திருந்தான். நடுவில் இருந்த சூரியனுக்கு மஞ்சள் பெயிண்ட் பூசியது சரியாகக் காயவில்லை போல, கையெல்லாம் மஞ்சள்.

ரொனால்டினோ ரொம்ப நாள் கழித்து பிரேசில் சட்டையில் இறங்கியபோது அண்ணன் எழுந்து நின்று கும்பிட்டார். நானும் எழுந்து நின்றேன். எதிரணி என்றாலும் அந்த ஆளுக்கு உட்கார்ந்தபடியே கை தட்ட முடியாது.

நான் போகும்போதே ஒன்று முடிவு செய்திருந்தேன். பந்தைப் பார்க்கக் கூடாது, மெஸ்ஸியை மட்டும் பார்க்க வேண்டும். டிவியில் அது முடியாது, கேமரா பந்து பின்னாலேயே போய்விடும். அன்றைக்குத்தான் தெரிந்தது, அவர் ஓடுவதைவிட நடப்பதுதான் அதிகம். பந்து அந்த மூலையில் இருக்கும், இவர் இந்தப் பக்கம் தலையைக் குனிந்துகொண்டு நடப்பார். நாலு எட்டு வைத்ததும் தலை திரும்பும், வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை, அப்புறம் இடது பக்கம். திரும்பவும் நடை. பக்கத்தில் இருந்தவர் "இவனுக்கு என்ன, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். எனக்கும் இரண்டாம் பாதியில் வயிற்றைக் கலக்கத்தான் செய்தது.

ஆட்டம் 0-0 என்றே இழுத்துக்கொண்டு போனது. 85ஆவது நிமிடம் தாண்டியதும் வண்டி கிடைக்காது என்று ஜனங்கள் படிக்கட்டில் இறங்க ஆரம்பித்தார்கள். அப்போது தோஹாவில் மெட்ரோ கிடையாது. அண்ணனும் எழுந்தார். "பிரேசில் டிரா எடுத்தால் உங்களுக்குப் போதுமா?" என்று கேட்டேன். உட்கார்ந்துவிட்டார்.

இஞ்சுரி டைம். நடந்துகொண்டிருந்தவர் நடையை நிறுத்தினார். அது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் நான் அவருடைய காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த நொடி பந்து அவரிடம். நேராகத் தற்காப்பை நோக்கி ஓட்டம், மஞ்சள் சட்டைகள் பின்னால் தள்ளித் தள்ளிப் போகின்றன. பெனால்டி பெட்டி ஓரத்தில் இடது காலால் தரையோடு தரையாக ஒரு அடி. பிரேசில் கோல்கீப்பர் விக்டோர் பாய்ந்தார், எட்டவில்லை. படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தவர்கள் சத்தம் கேட்டுத்தான் திரும்பிப் பார்த்தார்கள். 1-0. அந்தக் கொடிக்காரப் பையன் என்னைக் கட்டிப்பிடித்ததில் என் முதுகெல்லாம் மஞ்சள்.

அண்ணன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கூட்டம் வடிந்த பிறகு, "நல்ல கோலுடா" என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பதினைந்தாவது நாள், டிசம்பர் 2ஆம் தேதி, 2022 உலகக்கோப்பை கத்தாருக்கு என்று அறிவித்தார்கள். அந்த 2022 வந்தபோது நான் தோஹாவில் இல்லை, அண்ணன் மட்டும் இருந்தார். டிசம்பர் 18, லுசைலில் பிரான்ஸுக்கு எதிரான இறுதி ஆட்டம். இடைவேளையில் நாங்கள் 2-0 முன்னிலை. போன் அடித்தது. ஹலோ கூடச் சொல்லவில்லை அவர்.

"டேய், அன்னைக்கு மாதிரியே நடந்துக்கிட்டு இருக்கான் பாரு. போனை வை, மேட்ச்சைப் பாரு."