பழைய லேப்டாப்பில் போர்ட் போனால்: சால்டரிங் அயர்னைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை

சார்ஜர் பின்னை ஆட்டினால்தான் சார்ஜ் ஏறுகிறது என்றால் உடனே ஜாக் (லேப்டாப்பில் பின் செருகும் துளை) போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். முதல் சந்தேகம் அடாப்டர் மேல்தான் வரவேண்டும். அதைச் சுவரில் செருகி, மல்டிமீட்டரின் சிவப்பு முனையைப் பின்னின் உள்சுவரிலும் கறுப்பு முனையை வெளி உலோகத்திலும் வையுங்கள். முனைகள் ஒன்றையொன்று தொடக்கூடாது. பின்னுக்கு அருகே வயரை மெதுவாக மடக்கிப் பாருங்கள். லேபிளில் போட்டிருக்கும் 19 வோல்ட்டோ 19.5 வோல்ட்டோ அசையாமல் நின்றால் அடாப்டர் நல்லது. எண் குதித்தால் வயர் உள்ளே அறுந்திருக்கிறது, லேப்டாப்பைத் திறக்கவே வேண்டாம்.

டெல், எச்பி மாடல்கள் பலவற்றில் பின்னின் நடுவே மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். மின்சாரம் அதன் வழியாக வருவதில்லை. அடாப்டர் எத்தனை வாட் என்று லேப்டாப்புக்குச் சொல்வது அதன் வேலை. அது வளைந்தாலோ முறிந்தாலோ லேப்டாப் ஓடும், பேட்டரி மட்டும் ஏறாது, வேகமும் குறையும். இதை பேட்டரி கோளாறு என்று நினைத்துப் புது பேட்டரி வாங்கினால் காசுதான் வீண்.

பின்னுக்கு அடியில் அட்டையை மடித்து முட்டுக்கொடுத்து ஓட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். 65 வாட் அடாப்டர் 19.5 வோல்ட்டில் சுமார் 3.3 ஆம்பியர் கொடுக்கும். லூஸ் காண்டாக்டில் அரை ஓம் தடை வந்தாலே அந்த ஒரு புள்ளியில் ஐந்து வாட்டுக்கு மேல் சூடாகிறது. ஜாக்கின் பிளாஸ்டிக் பழுப்பாகி இளகுவதற்கு அதுவே போதும்.

*

மேலே சொன்ன சோதனையில் அடாப்டர் நல்லது, ஜாக்தான் குற்றவாளி என்று தெரிந்தால் திறக்கலாம். பேட்டரி கனெக்டரை முதலில் கழற்றிவிட்டு பவர் பட்டனை 15 நொடி அழுத்திப் பிடியுங்கள். ஜாக் வயரோடு தனியாக வந்து மதர்போர்டில் செருகியிருந்தால் வேலை சுலபம், மாற்றிவிடலாம். புதியது வாங்கும்போது வெளி அளவு மட்டும் ஒத்துப்போனால் போதாது. வயர்களின் எண்ணிக்கை, நீளம், கனெக்டர் மூன்றையும் பழையதோடு ஒப்பிடுங்கள். 5.5 x 2.1 ஜாக்கில் 5.5 x 2.5 பின் (வெளி அளவும் நடு அளவும், மில்லிமீட்டரில்) உள்ளே போய்விடும், ஆனால் பிடிப்பு இருக்காது. அங்கேயும் அதே ஆட்டம்தான்.

போர்டிலேயே சால்டர் செய்த ஜாக் என்றால் பொறுமை வேண்டும். பழைய ஜாக்கை முழுதாகப் பிடுங்கப் பார்ப்பதுதான் பெரிய தவறு. சைடு கட்டரால் அதைத் துண்டு துண்டாக நறுக்குங்கள், பிறகு ஒவ்வொரு காலாக எடுங்கள். போர்டில் இருப்பது ஈயம் கலக்காத சால்டர், உருக 217 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். அதன் மேல் பிளக்ஸ் (சால்டர் நன்றாக ஓட உதவும் பசை) தடவி, 183 டிகிரியில் உருகும் 63/37 சால்டரை (வெள்ளீயம் 63, ஈயம் 37 சதவீதம்) சேர்த்தால் சீக்கிரம் இளகும். கிரவுண்ட் கால்தான் அடம்பிடிக்கும், போர்டுக்குள் இருக்கும் செப்புத் தளம் சூட்டை உறிஞ்சிவிடும். அயர்னில் அகலமான முனையைப் போட்டு 370 டிகிரியில் வைத்து, பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் கனெக்டர்களுக்குக் கப்டான் டேப் (சூடு தாங்கும் டேப்) ஒட்டி, ஹாட் ஏரில் (சூடான காற்று ஊதும் கருவியில்) அந்தப் பகுதியை லேசாகச் சூடாக்கிக்கொண்டு இறங்குங்கள். முழுதாக உருகும் முன் இழுத்தால் துளையின் உள்சுவரில் இருக்கும் செப்புப் பூச்சும் சேர்ந்து வந்துவிடும். போர்டின் நடு அடுக்குகளோடு இருந்த தொடர்பு அத்தோடு போச்சு.

புது ஜாக்கை வைத்ததும் பிளஸ்ஸுக்கும் கிரவுண்டுக்கும் இடையே மல்டிமீட்டரை பீப் அடிக்கும் நிலையில் வைத்துத் தடையைப் பாருங்கள். ஒரு கணம் பீப் அடித்து எண் ஏறிக்கொண்டே போனால் கெபாசிட்டர் நிரம்புகிறது என்று பொருள். பூஜ்யத்திலேயே நின்றால் ஷார்ட். அடாப்டரைச் செருகாதீர்கள்.

*

யூஎஸ்பி போர்ட்டில் நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு உடைவதுதான் அடிக்கடி நடப்பது. உடைந்த பிறகு நான்கு கம்பிகளும் அந்தரத்தில் நிற்கும். ஓரத்தில் இருக்கும் 5 வோல்ட் கம்பி வெளி உலோகத்தைத் தொட்டால் போர்டு அந்த வரிசைக்கே மின்சாரத்தை நிறுத்திவிடலாம், பக்கத்துப் போர்ட்டும் சேர்ந்து சாகும். புது போர்ட் வரும்வரை, பேட்டரியைக் கழற்றிய நிலையில் கம்பிகளைப் பிரித்து ஒவ்வொன்றின் மேலும் கப்டான் டேப் சுற்றிவிடுங்கள்.

பென்டிரைவ் விளக்கு எரிகிறது, லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவில்லை என்றால் நடுவில் இருக்கும் இரண்டு டேட்டா கம்பிகளைப் பாருங்கள். மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து, சிவப்பு முனை கிரவுண்டில், கறுப்பு முனை டேட்டா கம்பியில். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே எண் வரணும். ஒன்று மட்டும் ஓஎல் (தொடர்பே இல்லை) என்று காட்டினால் சால்டர் விட்டுப்போயிருக்கிறது.

*

நெட்வொர்க் போர்ட்டில் ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகம் திடீரென்று 100 எம்பிபிஎஸ் ஆனால், கேபிள் நல்லதுதானா என்று பார்த்துவிட்டு டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். ஜிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும், 100-க்கு 1, 2, 3, 6 மட்டும் போதும். 4, 5, 7, 8-இல் ஒன்று அமுங்கிக் கிடக்கும். மெல்லிய கொக்கி ஊசியால் அதைப் பக்கத்துக் கம்பிகளின் மட்டத்துக்குத் தூக்கிவிட்டால் சரியாகிவிடும்.

ஹெட்போனை எடுத்த பிறகும் ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லையென்றால் ஜாக்குக்குள் இருக்கும் சுவிட்ச் சிக்கியிருக்கலாம். லேப்டாப்பை அணைத்துவிட்டு, பின்னில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டு இருபது தடவை செருகி எடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு ஆன் செய்யுங்கள். அப்படியும் விடாவிட்டால் யூஎஸ்பி சவுண்ட் அடாப்டர் ஒன்று போதும், அந்த ஜாக்குக்காகப் போர்டைக் கழற்ற வேண்டாம்.