மறு: தெருவில் வண்டியை மெதுவாக்குவதற்கு என்ன சொல்?

குழுவினருக்கு வணக்கம். குடியிருப்போர் சங்கங்களுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'டிராஃபிக் காமிங்' (traffic calming) என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன். வேகத்தடை என்று போட்டால் எல்லோருக்கும் அந்த மேடுதான் நினைவுக்கு வரும். இதிலோ தெருமுனையைக் குறுக்குவது, மக்கள் கடக்கும் இடத்தை நடைபாதை உயரத்துக்குத் தூக்குவது, நேர்த்தெருவை வேண்டுமென்றே வளைத்துவிடுவது எல்லாம் அடங்கும். இப்போதைக்கு 'போக்குவரத்து அமைதிப்படுத்தல்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

---

அது கலவரத்துக்குப் பிறகு போலீஸ் செய்கிற வேலை மாதிரி இருக்கிறது. ஆங்கிலச் சொல்லே ஜெர்மன் 'ஃபெர்கேர்ஸ்பெரூயிகுங்' என்பதை அப்படியே பெயர்த்தது, நகலுக்கு நாம் இன்னொரு நகல் எடுப்பானேன்? தணிப்பு என்று வையுங்கள். தண் என்ற குளிர்ச்சியின் வழி வந்த சொல், முருகன் சினம் தணிந்த இடம் தணிகை. வண்டி ஓட்டுகிறவனுக்கும் அதுதானே தணிய வேண்டும்? வேகத் தணிப்பு.

---

வேகம் வடசொல். விரைவு இருக்க அது எதற்கு? இன்னும் போனால், தொல்காப்பிய உரியியலில் 'கடி' என்பதற்கு விரைவும் பொருள், காப்பும் பொருள். விரைவை அடக்கி ஆளைக் காப்பதற்கு இதைவிடப் பொருத்தமான வேர் எந்த மொழியில் கிடைக்கும்? என் முன்மொழிவு: கடிதணிப்பு.

---

ஐயா, 'கடிதணிப்புத் திட்டம்' என்று பலகை வைத்தால், நாய் பிடிக்க மாநகராட்சி வண்டி வருகிறது என்று எங்கள் தெரு சந்தோஷப்படும்.

நான் சாலைப் பொறியாளன், ஒன்று சொல்லிவிடுகிறேன். வேகத்தடை என்ற சொல்லே பாதிக் கேடு செய்துவிட்டது. தடை என்றதும் ஆளுக்கொரு சுவரைக் கட்டுகிறார்கள். சாலைகளுக்கு அளவுகோல் வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு சொல்லும் மேடு 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் நீளம், 17 மீட்டர் ஆரத்தில் மெல்ல ஏறி இறங்கும்; மணிக்கு 25 கி.மீ.யில் போனால் முதுகுக்கு ஒன்றும் ஆகாது. நோக்கம் தடுப்பது இல்லை, தணிப்பதுதான்.

---

அகநானூற்று முல்லைத் தலைவனை மறந்துவிட்டீர்களே! பூவில் துணையோடு இருக்கும் வண்டு கலங்கிவிடுமே என்று தேர்மணியின் நாவைக் கட்டிக்கொண்டு வந்தானே, அது போக்குவரத்துத் தணிப்பு இல்லாமல் வேறென்ன?

---

அவன் ஹாரனைத்தான் கட்டினான். தேர் பறந்துதான் வந்தது, வீட்டில் தலைவி காத்திருக்கிறாள்.

---

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குறிப்பு. நெதர்லாந்தில் 'வூன்எர்ஃப்' என்று உண்டு, கையேட்டில் அதுவும் வரும் என்று நினைக்கிறேன். நடப்பவரும் விளையாடும் பிள்ளைகளும் தெரு முழுவதையும் பயன்படுத்தலாம், கார்தான் மெதுவாக ஒதுங்கிப் போகவேண்டும். 1976இல் சட்டமே ஆக்கினார்கள். அதற்கு நாங்கள் புழங்கும் 'ஒழுங்கை' சரியாக வரும். இரண்டு பக்கமும் வேலி, நடுவில் ஆளும் சைக்கிளும் ஆடும். அங்கே வேகமாக ஓட எவருக்கும் மனம் வராது.

---

அழகான சொல்தான், ஆனால் மதுரையில் யாருக்குப் புரியும்? இங்கே அது சந்து, இல்லை முடுக்கு.

---

புரியவில்லை என்றால் கற்றுக்கொள்ளட்டும். 'மென்பொருள்' என்ன, தாயின் மடியிலா கேட்டோம்?

---

எல்லோருக்கும் நன்றி. ஏழு பேரில் நான்கு பேர், அதில் இருவர் அலுத்துப்போய், 'வேகத் தணிப்பு' என்கிறீர்கள், அதையே போடுகிறேன். மேட்டுக்கு வேகத்தடையே இருக்கட்டும், மக்கள் வாயில் இருப்பதைப் பிடுங்க எனக்குத் தெம்பில்லை. ஒழுங்கை எனக்குப் பிடித்திருக்கிறது, பதிப்பாசிரியர் விடுவாரா தெரியவில்லை, 'குடியிருப்பு ஒழுங்கை' என்று கேட்டுப் பார்க்கிறேன்.

---

விரைவுத் தணிப்பு. என் மறுப்பைப் பதிவு செய்யவும். அப்புறம், தணிப்புக்கு வேர் தண் இல்லை, அதைத் தனி இழையில் எழுதுகிறேன்.