பூட்டான் பயணத்திற்கு எந்த மாதம் விடுப்பு எடுக்கலாம்?

கேள்வி (கோலாலம்பூர்):
குடும்பத்தோடு பூட்டான் செல்ல எண்ணுகிறேன். ஆண்டு விடுப்புக்கு இப்போதே விண்ணப்பிக்க வேண்டியிருப்பதால், எந்தப் பண்டிகையைக் கணக்கில் கொள்ளலாம் என்று அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் (பினாங்கு):
ஐயா, பாரோ நகரில் நடக்கும் பாரோ செச்சு என்னும் பௌத்தத் திருவிழா நம் தீபாவளியைப் போலவே ஆண்டுதோறும் தேதி மாறுவது; பெரும்பாலும் மார்ச் அல்லது ஏப்ரலில் வரும். அதன் நிறைவு நாளன்று இருள் பிரியும் முன்பே மாபெரும் துணி ஓவியம் ஒன்றை விரித்து, வெயில் படுவதற்குள் சுருட்டிவிடுவார்கள் என்பதால், முதல் நாள் இரவே பாரோவில் தங்கும்படி விடுப்பை அமைத்துக்கொள்ளுங்கள். அவசியம் பார்க்க வேண்டிய காட்சி அது.

பதில் (கிள்ளான்):
மாறாத தேதி வேண்டுமென்றால், 1907இல் முதல் மன்னர் முடிசூடியதை நினைவுகூரும் டிசம்பர் 17 தேசிய நாள் இருக்கிறது. அலுவலகங்கள் அன்று மூடியிருக்கும், குளிரும் கடுமை.

கேட்டவர்:
நன்றி ஐயா. பாரோ தேதி உறுதியானதும் விண்ணப்பிக்கிறேன்.