மஞ்சக்குப்பம் வீடு 🏠

கவிதா: 📷 படம்

கவிதா: செல்வி அக்கா, இதைப் பார். பிச்சாவரம் அலையாத்திக் காட்டைப் பற்றிய பத்தியைப் படித்துவிட்டுப் படம் போடச் சொன்னாயே, பையன் சேற்றில் பென்சில் நட்டு வைத்திருக்கிறான். நாளைக்குப் பரீட்சை!

கார்த்தி: 😂😂 சீவி வேறு வைத்திருக்கிறான். மாப்பிள்ளை கெட்டிக்காரன்

செல்வி அக்கா: திட்டாதே. பத்தியில் என்ன இருக்கிறது?

கவிதா: வெண்கண்டல் மரத்தைச் சுற்றிப் பென்சில் நட்டது போல மூச்சு வேர்கள் நிற்கும் என்று

குமார் அண்ணன்: பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் 2 வந்திருக்கிறது. யாருக்கு வேண்டும்?

செல்வி அக்கா: அப்போ படித்திருக்கிறான் கவிதா. 'போல'வை மட்டும்தான் விட்டுவிட்டான். வேர் எப்படி நிற்கும் என்று கேள்வி கேட்டிருந்தால் 'பென்சில் நட்டது போல' என்று அப்படியே எழுதி முழு மார்க் வாங்கியிருப்பான். அவனுக்குப் புரியவில்லை என்பதே உனக்குத் தெரிந்திருக்காது. வரையும்போது ஏமாற்ற முடியாது. வேர் மரத்துக்கு எந்தப் பக்கம், மேலே பார்க்கிறதா கீழேயா, எல்லாவற்றையும் முடிவு செய்தால்தான் கோடு போட முடியும். இப்போது படத்தையும் பத்தியையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்க்கச் சொல். தப்பை நீ சொல்லாதே. போனில் படம் காட்டாதே. கலரும் வேண்டாம், கலர் கொடுத்தால் ஒரு மணி நேரம் வானத்துக்கே போய்விடும்

கார்த்தி: எனக்கு ஒரு பழம். லாஸ்பேட்டைக்கு யார் கொண்டு வருவது?

அப்பா: படம் போட்டால் மார்க் வருமா? படிக்கச் சொல்.

செல்வி அக்கா: வரும் அப்பா. கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தார் 2016-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எழுதிப் பார்த்த சொற்களைவிட வரைந்து பார்த்தவைதான் அதிகம் நினைவில் நின்றன. 4 விநாடிக் கிறுக்கலே போதுமாக இருந்தது, அழகாக வரைய வேண்டியதில்லை. அது தனித்தனிச் சொற்களை வைத்துச் செய்தது. பத்திக்கும் உதவும் என்பது நான் வகுப்பில் பார்த்தது

கார்த்தி: டீச்சர் ரிட்டயர் ஆனாலும் வகுப்பு ரிட்டயர் ஆகவில்லை

குமார் அண்ணன்: என் டிராயிங் நோட்டு வெந்நீர் அடுப்புக்குப் போகாமல் இருந்திருந்தால் நானும் ஏதாவது ஆகியிருப்பேன்

அப்பா: அது 1989. நீ கணக்கில் 12 வாங்கினாய்.

குமார் அண்ணன்: 1988

🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ரேவதி அண்ணி: ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பிச்சாவரத்துக்கே போய் வந்துவிடலாமே. பிள்ளையும் வேரை நேரில் பார்ப்பான்

கார்த்தி: படகில் போன தடவை அழுதது யார் என்று அண்ணனைக் கேளுங்கள் அண்ணி

அப்பா: ஞாயிறு அமாவாசை.

ரேவதி அண்ணி: அப்போ அடுத்த வாரம்?

குமார் அண்ணன்: வேன் கிடைக்கிறதா பார்க்கிறேன். முதலில் பழத்துக்குப் பதில் சொல்லுங்கள், ஒன்று பழுத்துவிட்டது

கவிதா: 📷 படம்

கவிதா: பென்சிலை எல்லாம் அழித்துவிட்டு வேர் போட்டிருக்கிறான். ஆனால் ஒவ்வொரு வேருக்கும் மூக்கு!

கார்த்தி: 🤣 மூச்சு வேர் ஆச்சே

செல்வி அக்கா: மூக்கு இருக்கட்டும். ஏன் மூக்கு என்று கேட்டாயா?

கவிதா: சேற்றுக்குள் காற்று போதாதாம், அதனால் வெளியே நீட்டிக்கொண்டு மூச்சு விடுகிறதாம்

செல்வி அக்கா: அவ்வளவுதான், பிடித்துவிட்டான். சுரபுன்னை எங்கே? அதன் வேர் தண்டிலிருந்து வளைந்து இறங்கி ஊன்றி நிற்கும், அதையும் போடச் சொல்

கவிதா: தூங்கிவிட்டான் அக்கா

அப்பா: அந்த மூக்குப் படத்தை எனக்குத் தனியாக அனுப்பு.

குமார் அண்ணன்: 👀

குமார் அண்ணன்: பலாப்பழம்???