மறுமொழி: ‘வெப்ப மீட்புக் காற்றோட்டம்’ – நம் ஊருக்கும் பொருந்தும் சொல் வேண்டும்

அன்புள்ள குழு நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டின் பழைய காற்றை வெளியேற்றிப் புதுக்காற்றை உள்ளே விடும்போது, ஒன்றின் சூட்டை மற்றொன்றுக்கு மாற்றும் கருவிக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற இந்த இழையை மூன்று நாட்களாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன். சம்பா அறுவடை முடியும்வரை உட்கார்ந்து எழுத முடியவில்லை. இப்போது கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சொல் எனக்கு ஏன் அவசரம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் அக்கா மகள் ஜெர்மனியில் புது வீடு கட்டுகிறாள். அங்கே ‘பாஸிவ்ஹவுஸ்’ என்று ஒரு கட்டுமான நெறி உண்டு. ஒரு சதுர மீட்டர் தரைப்பரப்பைக் கதகதப்பாக வைத்திருக்க ஆண்டுக்கு 15 யூனிட்டுக்கு (கிலோவாட்-மணி) மேல் செலவாகக் கூடாது என்பது அதன் முக்கிய விதி. அந்த நெறிப்படி கட்டிய முதல் வீட்டில் 1991-லேயே டார்ம்ஸ்டாட் நகரில் குடியேறிவிட்டார்கள். அவள் வரைபடத்தை அனுப்பி, “மாமா, அம்மாவுக்கும் புரிகிற மாதிரி இதைத் தமிழில் எழுதித் தாங்க” என்றாள். அதே நேரத்தில் மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் என் தம்பி வீட்டுக்கும் நான்தான் வரைபடம் போடுகிறேன். இரண்டு வீட்டிலும் ஒரே கருவி வருகிறது. அவள் வீட்டுத் தாளில் ‘வெப்ப மீட்பு’ என்று எழுதினேன், சரியாக இருந்தது. தம்பி வீட்டுத் தாளில் அதையே எழுதப் போனபோது கை நின்றுவிட்டது. சித்திரை வெயிலில் மாயவரத்துக்காரன் எந்த வெப்பத்தை மீட்கப் போகிறான்?

கருவி என்ன செய்கிறது என்பதைக் கணக்கோடு பார்த்தால் சிக்கல் தெளிவாகும். ஓர் ஆளுக்கு மணிக்கு 30 கன மீட்டர் புதுக்காற்று வேண்டும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுகிறார்கள். நாலு பேருக்கு 120. வெளியே மைனஸ் 10 டிகிரி, உள்ளே 20 டிகிரி என்றால், அந்தக் காற்றைச் சூடாக்க மட்டும் ஏறக்குறைய 1,200 வாட் வேண்டும். அவள் வீடு 120 சதுர மீட்டர். கடுங்குளிர் நாளில் சதுர மீட்டருக்கு 10 வாட் போதும் என்கிற கணக்கில் வீடு முழுவதற்குமே 1,200 வாட்தான், அதாவது ஒரு இஸ்திரிப் பெட்டி அளவு. வெறுமனே ஜன்னலைத் திறந்து காற்றை மாற்றினால் அந்த மொத்தமும் காற்றோடு போய்விடும். ஆகவே வெளியேறும் பழைய காற்று, தன் சூட்டை உள்ளே வரும் புதுக்காற்றிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். இரண்டு காற்றும் கலப்பதில்லை. ஒரே வரப்பின் இரு பக்கமும் எதிரெதிராக ஓடும் இரண்டு வாய்க்கால் மாதிரி, மெல்லிய தகடுகளுக்கு இப்புறமும் அப்புறமும் ஓடுகின்றன. நூற்றுக்கு எண்பது பங்கு சூடு மாறினால், மைனஸ் 10-ல் நுழைந்த காற்று 14 டிகிரியில் படுக்கையறைக்கு வந்து சேரும்.

தம்பி வீட்டில் இதே கருவி தலைகீழாக வேலை செய்யும். வெளியே 38, ஏசி ஓடும் வீட்டுக்குள் 27. உள்ளே வருகிற காற்றுதான் சூடானது. அது தன் சூட்டை வெளியே போகிற குளிர்ந்த காற்றிடம் கொடுத்துவிட்டு உள்ளே வரும். மீட்பு என்ற சொல் இங்கே தடுமாறுகிறது. சூடு எந்தத் திசையில் போனாலும் பொருந்துகிற சொல் வேண்டும் என்பதுதான் என் முழு வாதமும்.

இனி, வந்த கருத்துகளுக்கு.

> இருக்கவே இருக்கிறது ‘காலதர்’. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. வேறு சொல் எதற்கு?

ஐயா, இந்தச் சொல்மேல் எனக்கும் பெரிய ஆசை. சிலப்பதிகாரம் ‘மான்கட் காலதர்’ என்று சொல்வது புகாரின் மாளிகைகளை. பூம்புகாருக்குப் பக்கத்தில் கட்டும் வீட்டுக்கு அந்தச் சொல் திரும்பி வந்தால் அதைவிட மகிழ்ச்சி எனக்கு வேறில்லை. ஆனால் காலதர் ஒரு திறப்பு. நாம் பேர் வைக்க வேண்டியது திறப்புக்கு அன்று, உள்ளே நடக்கிற கொடுக்கல் வாங்கலுக்கு. ஆகவே அறைக்கூரையில் காற்று வந்து விழுகிற வட்ட வாய்க்கும், குளியலறையிலிருந்து காற்றை இழுக்கிற வாய்க்கும் காலதர் என்று வைப்போம். படுக்கையறையில் வரவுக் காலதர், சமையலறையிலும் குளியலறையிலும் போக்குக் காலதர். இதற்கு இன்றுவரை ‘வால்வு’, ‘கிரில்’ என்றுதான் எழுதி வந்தோம். (அடுப்புக்கு நேர் மேலே வைக்கும் புகைபோக்கியை மட்டும் இந்தக் குழாயில் சேர்த்துவிடாதீர்கள். தாளிப்பின் எண்ணெய்ப் பிசுக்கு தகடுகளை அடைத்துவிடும்.)

> வென்டிலேட்டர் என்றே எழுதினால் எல்லாருக்கும் புரியுமே?

புரியாது அம்மா. எங்கள் பக்கம் வென்டிலேட்டர் என்றால் குளியலறைச் சுவரில் மேலே வைக்கும் கண்ணாடிப் பட்டைத் திறப்பு. 2020-க்குப் பிறகு அதே சொல்லைக் கேட்டால் பலருக்கு ஆஸ்பத்திரிதான் நினைவு வருகிறது. வீட்டுக்குள் அந்தச் சொல்லைக் கொண்டுவர எனக்கு மனசில்லை.

> காற்றுப்புகா வீடு என்று சொன்னதுமே பெரியவர்கள் ‘மூச்சு முட்டாதா’ என்கிறார்கள்.

இந்தக் கேள்வி என் அக்காவும் கேட்டதுதான். இதற்குக் கலைச்சொல்லைவிட நல்ல விளக்கம் வயலில் இருக்கிறது. வரப்பில் நண்டு வளை இருந்தால் என்ன ஆகும்? எவ்வளவு தண்ணீர் பாய்ச்சினாலும் இரவோடு இரவாக வடிந்துவிடும். எங்கே போயிற்று என்றே தெரியாது. வளையை மிதித்து அடைக்கிறோம், மடையை மட்டும் நம் விருப்பப்படி திறக்கிறோம். வரப்பை அடைப்பதால் பயிர் செத்துவிடுவதில்லை. வீடும் அப்படித்தான். ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே, மின்குழாய் சுவரைத் துளைக்கும் இடத்தில், கூரையும் சுவரும் சேரும் மூலையில் இருப்பவை நண்டு வளைகள். அவற்றை அடைத்துவிட்டுக் காலதர் என்ற மடை வழியாக மட்டும் காற்றை விடுகிறோம். அந்த ஜெர்மன் நெறியில் இதற்கு ஒரு சோதனையே உண்டு. வாசற்கதவில் விசிறியைப் பொருத்தி உள்ளுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டில் வைத்துப் பார்த்தால், வீட்டின் மொத்தக் காற்றளவில் 0.6 பங்குக்கு மேல் ஒரு மணி நேரத்தில் கசியக் கூடாது. ‘கசிவுச் சோதனை’ என்றால் போதும், புதுச்சொல் வேண்டியதில்லை.

மூச்சு முட்டுவது பற்றி இன்னொன்று. நம் வீடுகளில் மாட்டும் சாதாரண ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதே இல்லை. அறையிலிருக்கும் அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. கதவையும் ஜன்னலையும் அடைத்துக்கொண்டு நாலு பேர் படுத்துக் காலையில் கனத்த தலையோடு எழுந்திருப்பது இப்போதே நடக்கிறது. பழைய வீட்டில் திண்ணையிலிருந்து ரேழி, கூடம், கொல்லை வரை நேர்க்கோட்டில் வாசல் வைத்தார்கள். நடுவில் முற்றத்துச் சூடான காற்று மேலே எழும்ப, தாழ்வாரத்துக் காற்று அதன் இடத்துக்கு வரும். அந்த வீட்டுக்கு இந்தக் கருவி எதுவும் வேண்டாம். முற்றத்தை மூடி, இருபதடி மனையில் இரண்டு மாடி எழுப்பி, எல்லா அறையிலும் ஏசி வைத்த பிறகுதான் தேவை வந்தது.

சரி, என் முன்மொழிவு: கைமாற்று.

கருவிக்கு ‘வெப்பக் கைமாற்றி’. முழு அமைப்புக்குக் ‘கைமாற்றுக் காற்றோட்டம்’.

பக்கத்து வீட்டில் அவசரத்துக்கு வாங்குவதைக் கைமாற்று என்கிறோம். பத்திரம் இல்லை, வட்டி இல்லை, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு. நிலம் கைமாறியது என்கிறோம். பந்தியில் அண்டாவைக் கைமாற்றிக் கொடுக்கிறோம். கொடுப்பது யார், வாங்குவது யார் என்பதை இந்தச் சொல் முன்கூட்டியே முடிவு செய்வதில்லை. தை மாதத்து ஜெர்மனியில் போகிற காற்று கொடுக்கும். சித்திரை மாதத்து மாயவரத்தில் வருகிற காற்று கொடுக்கும். எங்கள் மேஸ்திரியிடம் தகட்டுப்பெட்டியின் படத்தைக் காட்டி இந்தச் சொல்லை மட்டும் சொன்னேன். “போற காத்து வர்ற காத்துக்குக் கைமாத்தா கொடுத்துட்டுப் போகுது, அப்படித்தானே சார்?” என்றார். ‘வெப்ப மீட்பு’ என்று அரை மணி நேரம் விளக்கியும் அவருக்குக் கிடைக்காதது அது.

பாடநூலில் ‘வெப்பப் பரிமாற்றி’ இருக்கிறதே என்று கேட்பீர்கள். அதை நான் அசைக்க நினைக்கவில்லை; தொழிற்சாலைக் கொதிகலன்களில் அது நன்றாக வேரூன்றிவிட்டது. ஆனாலும் பரிமாற்றம் என்றால் இருவரும் கொடுத்து இருவரும் வாங்குவது. சூடு அப்படிப் போவதில்லை, சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்கு மட்டுமே போகும். கடன் என்றால் திரும்பி வரவேண்டாமா என்ற தடையும் வரலாம். மேஸ்திரிக்கு அது தடையாகப் படவில்லை. எனக்கும் படவில்லை.

சொல் கிளைக்கிறதா என்றும் சோதித்துப் பார்த்தேன். நூற்றுக்கு எத்தனை பங்கு சூடு மாறுகிறது என்பது கைமாற்றுத் திறன். அந்த நெறியில் குறைந்தது 75 வேண்டும். கோடை இரவில் வெளிக்காற்று குளிர்ந்திருக்கும்போது அதைத் தகடுகளுக்குள் விடாமல் நேராக உள்ளே அனுப்புவார்கள். அதற்குப் ‘புறவழி’ போதும். அப்போது கருவி கைமாற்றாமல் ஓடுகிறது. வினையாகவும் எதிர்மறையாகவும் வளைகிறது, ‘மீட்பு’ இவ்வளவு வளையவில்லை.

வரவுக் காற்றைக் கூடுதலாகச் சூடாக்கும் சிறு கருவிக்குத் ‘தடவு’ என்று ஒரு நண்பர் சொல்லியிருந்தார். வாடைக்காலத்தில் தென்றல் வரும் சாளரங்களை அடைத்துத் தடவில், அதாவது கணப்புச் சட்டியில், நெருப்புக் காய்ந்ததை நெடுநல்வாடை சொல்கிறது. குளிர்நாட்டு வீட்டுக்கு எவ்வளவு பொருத்தமான காட்சி! முழு ஆதரவு.

எனக்கு உங்கள் உதவி வேண்டியது ஈரத்தில். டெல்டாவில் சூட்டைவிட ஈரம்தான் பெரிய எதிரி. 30 டிகிரியில் 80 விழுக்காடு ஈரப்பதம் உள்ள ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். 25 டிகிரியில் 55 விழுக்காடாக வைத்த அறைக்காற்றில் சுமார் 13 கிராம்தான். மணிக்கு 120 கன மீட்டர் உள்ளே வந்தால் மணிக்கு ஒன்றேகால் லிட்டருக்கு மேல் தண்ணீர் வீட்டுக்குள் நுழைகிறது. ஒரு நாளைக்கு இரண்டு குடம். வெறும் தகட்டுக் கருவியால் இதைத் தடுக்க முடியாது. ஈரத்தையும் கடத்தும் சவ்வு வைத்த இன்னொரு வகை இருக்கிறது. வருகிற காற்றின் ஈரத்தில் ஒரு பங்கைப் போகிற காற்றிடம் அது கொடுத்தனுப்பும். பாதி ஈரம் மாறினால்கூட ஒரு குடம் வெளியிலேயே நின்றுவிடும். நம் ஊருக்கு வாங்க வேண்டியது இந்த வகையைத்தான், ஆங்கிலத்தில் அதற்கு ‘ஆற்றல் மீட்பு’ என்று பெயர். நான் ‘வெப்ப ஈரக் கைமாற்றி’ என்று குறித்து வைத்திருக்கிறேன். நாக்கில் சரியாக உருளவில்லை. ‘முழுக்கைமாற்றி’ என்றால் முழுக்கைச் சட்டை போல் ஒலிக்கிறது. ‘ஈரக் கைமாற்றி’ என்று மட்டும் சொன்னால் சூடு விட்டுப்போகிறது. ஆனால் ஈரம் மாறும்போது சூடும் மாறியே தீரும் என்பதால் அதுவே போதுமோ என்றும் தோன்றுகிறது.

இன்னொரு சிறு குறிப்பு. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவின் பல ஊர்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. ஆகவே தம்பி வீட்டில் எல்லா அறையிலும் திறக்கிற ஜன்னலை வைத்திருக்கிறேன். உங்கள் கட்டுரைகளிலும் ‘கைமாற்றி வைத்தால் ஜன்னல் வேண்டாம்’ என்று எழுதிவிடாதீர்கள்.

அக்கா மகளின் தாளில் ‘வெப்பக் கைமாற்றி’ என்று மாற்றி நேற்றே அனுப்பிவிட்டேன். தம்பி வீட்டு வரைபடம் வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஈரத்துக்கான சொல்லை அதற்குள் யாராவது சொன்னால் அதையே எழுதிவிடுவேன்.

அன்புடன்,
கும்பகோணத்திலிருந்து